லூயி பாஸ்டரும் பட்டுப்புழு நோயும்

பாஸ்டர் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவருட் பெரும்பாலார்க்கு நினைவில் எழுவன இரண்டே. ஒன்று வெறிநாய்க்கடிக்கு இடும் ஊசி. மற்றொன்று அவர் முறைப்படி சூடேற்றிப் பதம் செய்த பால். நம் நீலகிரியிலுள்ள குன்னூரில் 1907ஆம் ஆண்டில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் எழுந்தமையால் அவர் பெயர் தென்னாட்டார்க்குப் பழகிய பெயராயிற்று. ஆயினும், அப்பெரியார் தம் வாழ்நாளின் நடுப்பகுதியில் ஐந்தாண்டுக் காலம் ஒரு சிறு புழுவின் பின்னே அலைந்தார் என்பதும், அவ்வைந்தாண்டுகளில் தந்தையையும் மக்கள் இருவரையும் தம் உடலின் ஒரு பாதி வலிமையையும் இழந்தார் என்பதும், அவ்வாராய்ச்சியில் ஒரு முறையன்று, இரு முறை பிழைபட்டுப் பின்னர்த் திருந்தினார் என்பதும் நம் மாணவர் பலர் அறியாதன. ஆதலின் அப்பகுதியையே ஈண்டு விரித்து எழுதத் துணிந்தேன்.

பாஸ்டர் 1822ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27ஆம் நாள் பிரான்ஸ் நாட்டின் கிழக்குப் பகுதியிலுள்ள டோல் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் நெப்போலியனுடைய சேனையிற் பணிபுரிந்து மீண்டு தோல் பதனிடும் தொழில் செய்துவந்தவர். ஆர்புவா என்னும் சிற்றூரில் அத்தோற்கிடங்கின் நாற்றத்திடையே வளர்ந்த சிறுவர், பாரிஸ் நகரத்து எகோல் நார்மால் என்னும் ஆசிரியர் கல்லூரியிற் பயின்று, 1848ஆம் ஆண்டில், தம் இருபத்தைந்தாம் வயதில், டார்டாரிக் அமிலத்தின் படிகங்கள் ஒன்றற்கொன்று கண்ணாடி நிழல்போல் இருவகைப்படுதலைக் கண்டு இரசாயன உலகில் பெயர் பெற்றார். அடுத்த ஆண்டில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மேரி லோரான் என்னும் நங்கையை மணந்தார். பின்னர் லீல் நகரிலும் பாரிஸிலும் பேராசிரியராயிருந்து, சாராயம் புளித்தல், பால் திரிதல் முதலியன நுண்ணுயிர்களின் செயலே என்றும், உயிரில்லாப் பொருளினின்று உயிர் தானே தோன்றாது என்றும் நாட்டினார். இவற்றை யெல்லாம் பாட நூல்களிற் காணலாம். விரைந்து கடந்து செல்வோம்.

பிரான்ஸின் தென்பகுதியில் செவென் என்னும் மலைப்பிரதேசம் உளது. கற்பாங்கான அந்நிலத்தில் முசுக்கட்டை மரமே குடிகளின் செல்வம். அதனைப் பொன்மரம் என்றே அவர்கள் வழங்கினர். வேனிற்றொடக்கத்தில் அந்நாட்டுப் பெண்டிர் பட்டுப்பூச்சியின் முட்டைகளைச் சிறு பைகளிற் கட்டித் தம் ஆடைக்குள் வைத்து, உடலின் வெப்பத்தாலேயே அவற்றைப் பொரிக்கச் செய்வர். பொரித்த புழுக்கள் இரவும் பகலும் இலை தின்று, நான்கு முறை தோலுரித்து, ஒரு மாத காலத்திற்குச் சிறிது மேற்பட்ட நாளில் கூடு கட்டும். இலை கொய்தலும், தட்டுகளைத் துப்புரவு செய்தலும், அறையைச் சூடாக வைத்தலுமாகிய பணிகளில் கிழவர் முதல் குழந்தைகள் ஈறாகக் குடும்பத்தார் அனைவரும் அந்நாட்களில் உறக்கமின்றி உழைப்பர். கூடு விற்ற பணமே வரியும் கடனும் தீர்க்கும் பணம்.

1850ஆம் ஆண்டை ஒட்டி அந்நாட்டில் ஒரு கொள்ளைநோய் புகுந்தது. ஒரே நாளிற் பொரித்த புழுக்கள் ஒரே அளவாய் வளராமல், சில பெருத்தும் சில சிறுத்தும் போயின. இலையை வெறுத்தன. உடலின்மீது மிளகுப் பொடியைத் தூவினாற்போலக் கரும்புள்ளிகள் தோன்றின. மிளகைக் குறிக்கும் அந்நாட்டுச் சொல்லினின்றே பெப்ரின் என்னும் பெயர் அந்நோய்க்கு உண்டாயிற்று. சில தட்டுகளில் பொரித்த சின்னாட்களிலேயே புழுக்கள் மாண்டன. சிலவற்றில் கூடு கட்டுந்தறுவாயில், குடும்பத்தாரின் உழைப்பையும் இலையையும் முழுதும் உண்டு தீர்த்தபின், மாண்டன. 1853ஆம் ஆண்டில் 2 கோடியே 60 லட்சம் கிலோகிராமாயிருந்த பிரான்ஸின் கூடு விளைவு 1865ஆம் ஆண்டில் 40 லட்சம் கிலோகிராமாகக் குன்றியது. உள்ளூர் முட்டை கெட்டதென்று இத்தாலியிலிருந்து தருவித்தனர். அங்கும் நோய் பரவியது. துருக்கி, காக்கேசியா என்று வணிகர் கிழக்கு நோக்கிச் செல்லச் செல்ல நோயும் அவர்களைத் தொடர்ந்தது. முடிவில் ஜப்பான் தேசத்து முட்டை யொன்றே நம்பத்தக்கதாயிற்று. மூவாயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட ஊர்த்தலைவர்களும் நிலக்கிழார்களும் பிரெஞ்சு செனட் சபைக்கு முறையீடு செய்துகொண்டனர்.

அச்சபையில் உறுப்பினராயிருந்த டூமா என்பார் பாஸ்டருடைய ஆசான். அலேஸ் என்னும் பட்டு நகரிற் பிறந்தவர். தம் ஊரார் படும் துயரைப் பொறாத அவர், தம் மாணாக்கரே இதனை ஆராய்தல் வேண்டும் என வற்புறுத்தினார். பட்டுப்புழுவைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் தொட்டறியாத பாஸ்டர் முதலிற் றயங்கினார். ஆசானுக்கு மறுமொழி கூற மாட்டாமையால் இசைந்தார். 1865ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தம் நாற்பத்திரண்டாம் வயதில், தெற்கு நோக்கிப் புறப்பட்டார்.

வழியில் அவிஞ்ஞோன் நகரில் ஃபாப்ர் என்னும் பூச்சியியலாரைச் சந்தித்தார். ஃபாப்ர் அக்காலத்தில் வறிய பள்ளியாசிரியர்; பிற்காலத்தில் பூச்சிகளின் வாழ்க்கையைப் பற்றிப் பல தொகுதிகள் எழுதிப் புகழ் பெற்றவர். பாஸ்டர் தமக்குச் சில பட்டுக்கூடுகளைக் காட்டுமாறு கேட்டார். ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே ஏதோ குலுங்குவதறிந்து, இதனுள் ஏதேனும் உளதோ என வியப்புடன் வினவினார். கூட்டுப்புழு உள்ளது என ஃபாப்ர் விடையிறுத்தார். கூட்டுப்புழு என்பது யாது என அடுத்த கேள்வி பிறந்தது. புழு கூட்டுக்குள் உருமாறிப் பின்னர் அந்துப்பூச்சியாய் வெளிவருதலைப் பள்ளிச் சிறாரும் அறிவர். பட்டுத்தொழிலைக் காக்க வந்தவரோ அறியார்! இதனை ஃபாப்ர் பின்னாளில் எழுதியபொழுது இகழ்ச்சியாக எழுதவில்லை. ஒன்றும் அறியாமலே களத்தில் இறங்கிய அத்துணிவை வியந்தே எழுதினார். அன்றே பாஸ்டர் திராட்சரசத்தைச் சூடேற்றிக் காக்கும் தம் முறையைப் பற்றிப் பேசி, வீட்டின் மதுக்கிடங்கைக் காட்டுமாறு கேட்க, ஏழை ஆசிரியர் சமையலறை மூலையிலிருந்த ஒரே ஜாடியைச் சுட்டிக் காட்டினாராம். விருந்தினர்க்கு அந்நகையின் பொருள் விளங்கியதோ இல்லையோ!

அலேஸை அடைந்த சின்னாட்களில் தந்தையார் நோயுற்றார் என்று தந்தி வந்தது. பாஸ்டர் ஆர்புவாவுக்கு விரைந்தார். உயிரோடு காணக் கொடுத்துவைக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் இரண்டு வயதுக் கடைக்குட்டி காமில் இறந்தாள். 1866ஆம் ஆண்டு மே மாதத்தில், அவருடைய மனைவியார் பெண்மக்கள் இருவரோடும் அலேஸுக்கு வருகையில், வழியில் ஷாம்பெரி நகரில் பன்னிரண்டு வயதான செஸீல் டைபாய்டு ஜுரத்தில் வீழ்ந்தாள். தந்தை சென்று சின்னாள் உடனிருந்தார், சிறிது தெளிவு கண்டது என்று எண்ணிப் புழுக்கள் கூடு கட்டும் பருவம் தவறலாகாதென அலேஸுக்கு மீண்டார், மகள் மாண்டாள். மூத்த மகளும் 1859ஆம் ஆண்டில் இதே நோயால் மாண்டவளே. நோய் என்னும் பகைவனை ஒரு புழுவின் உடலில் தேடிக்கொண்டிருந்தவர் வீட்டிலேயே அப்பகைவன் மும்முறை புகுந்தமையை நினைக்குங்கால், அவர் கட்டுரைகளின் வறண்ட நடையும் நமக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். நோயுற்ற புழுவின் உடலில் ஒளி பொருந்திய நீள்வட்ட நுண்மணிகள் உள்ளன என்பதை இத்தாலிய அறிஞர் முன்னரே கண்டிருந்தனர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கின் அவற்றுள் மூன்று நான்கு கூறு நீளமே உடையன அவை. முட்டையிலும் அவை உண்டு என்று சிலர் கண்டு, முட்டையைச் சோதித்து நல்லது தேர்ந்தனர். அதனால் நிலையான பயன் விளையவில்லை. பாஸ்டர் வந்த முதற் பருவத்திலேயே அவர்க்கு ஒரு புதிர் எதிர்ப்பட்டது. ஒரு வீட்டிற் புழுக்கள் நன்கு தின்று கூடு கட்டின. ஆயினும் அக்கூட்டுப் புழுக்களிலும் அந்துப்பூச்சிகளிலும் மணிகள் நிரம்பியிருந்தன. மற்றொரு வீட்டிலோ புழுக்கள் தள்ளாடி மாண்டன. அவற்றில் மணிகள் அரிதாயின. மணியே நோயாயின் இஃது எவ்வாறு கூடும்? மணி நோயின் காரணமன்று, நோயின் விளைவாக உடலிற் றோன்றும் ஒரு கழிவே எனப் பாஸ்டர் முடிவு செய்தார். இது பிழை.

ஆனால் அப்பிழையினூடேயே அவர் கண்ட உண்மை ஒன்றுண்டு. நூற்றுக்கணக்கான வீடுகளை வாழ்வித்தது அதுவே. நோய் முட்டையிலும் இளம்புழுவிலும் மறைந்திருக்கக்கூடும். கண்ணுக்கும் தோன்றாது, உருப்பெருக்கிக்கும் அகப்படாது. புழு உண்டு வளர்ந்து கூடு கட்டி உருமாறும் அளவில் அது பல்கிப் பெருகி, அந்துப்பூச்சியிற் றெள்ளத் தெளிய வெளிப்படும். ஆகவே சோதிக்கவேண்டியது முட்டையையன்று, முட்டையிட்ட தாயை. நலமாகத் தோன்றும் புழுவும் நோயைத் தாங்கித் தன் சந்ததிக்கு அளிக்கலாம். இக்கருத்தை 1865ஆம் ஆண்டின் முதற் பருவத்திலேயே, ஊர்வந்த சில வாரங்களுக்குள், அவர் பற்றிக்கொண்டார்.

இதிலிருந்து எழுந்த முறை மிக எளியது. கூட்டினின்று வெளிவந்த ஆணும் பெண்ணும் கூடியபின், பெண்பூச்சி ஒவ்வொன்றையும் தனித்தனியே ஒரு சிறு துணித்துண்டில் விடுவர். அது அத்துணியில் முட்டையிடும். இட்டபின் அப்பூச்சியை அத்துணியின் ஒரு மூலையிலேயே மடித்து ஊசியாற் குத்தி உலரவிடுவர். பின்னர் ஓய்வாக, அவ்வுலர்ந்த பூச்சியைச் சிறு கல்வத்திலிட்டு இரண்டொரு துளி நீர் விட்டு அரைத்து, அதில் ஒரு துளியை உருப்பெருக்கியின்கீழ்ப் பார்ப்பர். மணி காணப்படின் அத்துணி முட்டைகளோடு நெருப்புக்கு இரையாகும். காணாவிடின் அம்முட்டைகள் அடுத்த ஆண்டு வித்தாகும். உருப்பெருக்கியைக் குடியானவர் எவ்வாறு கையாளுவர் எனச் சிலர் ஏளனம் செய்தபொழுது, தம் ஆராய்ச்சிக்கூடத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தடையின்றிக் கையாளுகிறாள் என்று பாஸ்டர் சொல்லிவந்தார்.

அலேஸை அடுத்துள்ள போன் ழிஸ்கே என்னும் தனித்த வீட்டில் அவர் குழுவினர் தங்கியிருந்தனர். ழெர்னே, டூக்ளோ, மயோ, ரோலென் ஆகிய இளைஞர் உதவியாளர்கள். மனைவியாரும் மகள் மேரி லூயிஸும் இலை பறித்துப் புழு வளர்த்துக் கணக்கெழுதினர். பாஸ்டர் தம் கருத்தை எளிதில் வெளியிடுபவர் அல்லர்; உடனிருந்து உழைப்போரும் அவர் மனத்தில் யாது ஓடுகிறதென அறியார். ழெர்னே என்பார் நலமான புழுக்களுக்கு மணி தடவிய இலையை அளித்துச் செய்த சோதனைகளால் 1867ஆம் ஆண்டில் உண்மை வெளிப்பட்டது. மணி தின்ற புழு நோயுற்றது, தின்னாதது பிழைத்தது. மணியே நோயை உண்டாக்கும் ஓர் ஒட்டுயிர்! அதுவரை இதனைச் சொல்லிவந்த பிறரோடு வாதிட்டிருந்த பாஸ்டர் தம் கொள்கையைக் கைவிட்டார். பிறர் முன்னரே சொன்னார் என்பதை ஒப்புவதில் அவர் அத்துணைத் தாராளம் காட்டினார் என்று சொல்லற்கில்லை; வாதில் அவர் கடுமையுடையவர்.

முதற்பிழை நீங்கிய அப்பருவத்திலேயே இரண்டாவது இடி விழுந்தது. மணியில்லாத் தாய்களின் முட்டையைப் பொறுக்கியெடுத்துப் பொரித்த புழுக்களுள்ளும் சில தொகுதிகள் திடீரென மாண்டன. கரும்புள்ளி இல்லை; மணி இல்லை. நேற்றுவரை கொழுத்திருந்த புழுக்கள் இன்று தட்டின் விளிம்பில் தொங்கி, மென்மையாகி, கறுத்து, பொறுக்கலாகாத நாற்றம் வீசின. ஒரு நாள் பாஸ்டர் கண் கலங்கி உதவியாளரிடம் வந்து அமர்ந்து, செய்தது ஒன்றுமில்லை யென்றும், நோய் ஒன்றன்று, இரண்டென்றும் கூறினார் என டூக்ளோ பின்னர் எழுதிவைத்திருக்கிறார். இரண்டாம் நோய்க்கு ஃப்ளாஷெரி என்று பெயர். முதலாண்டில் அவரை மயக்கிய புதிருக்கு விடையும் இதுவே: இரு நோய்களை ஒன்றென மயங்கியமையாலேயே, மணியின்றி மாளும் புழுக்கள் அவரைத் தவறான வழியிற் செலுத்தின.

ஃப்ளாஷெரி நோயுற்ற புழுவின் குடலில் பாக்டீரியங்கள் மண்டிக் கிடத்தலை அவர் கண்டார். ஆனால் அவை அழுகிய இலையிலும் உண்டு. நலமான புழுவும் அவற்றை நாடோறும் தின்கிறது. பின் ஏன் ஒரு தட்டு மாள்கிறது, மற்றொன்று பிழைக்கிறது? வெப்பம், காற்றின்மை, நெருக்கம், நனைந்து புளித்த இலை, பெற்றோரிடமிருந்து வந்த வலுக்குறைவு ஆகியன கூடும்பொழுதே கிருமி வெல்லுகிறது என அவர் எழுதினார். கிருமி ஒன்றே எல்லாம் என்று பாஸ்டர் நினைத்தார் என இன்றும் சிலர் சொல்லுவர். அவர்கள் அவருடைய இந்நூலைப் புரட்டிப் பார்த்தவர்களாகத் தோன்றவில்லை.

எதிர்ப்பும் வளர்ந்தது. முட்டை வணிகர்க்கு அவர் முறை பிழைப்பைக் கெடுக்கும் முறை. 1868ஆம் ஆண்டில், அலேஸ் மக்கள் அவரைக் கல்லெறிந்து துரத்திவிட்டனர் என்று ஒரு பொய்ச்செய்தி பரவ, லியோனிலிருந்த மாமனார் கலங்கிக் கடிதம் எழுதினார். பாஸ்டர் வாயால் விடையிறுக்கவில்லை. 1866ஆம் ஆண்டிலேயே அவர், அடுத்த ஆண்டில் வளர்க்கவிருந்த பதினான்கு முட்டைத் தொகுதிகளின் தாய்ப்பூச்சிகளைச் சோதித்து, ஒவ்வொன்றும் எவ்வாறு முடியும் என்று எழுதி, முத்திரையிட்டு, ஸான் இப்பொலீத் என்னும் ஊர்த்தலைவர் கையில் ஒப்புவித்திருந்தார். 1867ஆம் ஆண்டில் விளைவுகள் வந்தபின் உறையைப் பிரித்தனர். பதினான்கில் பன்னிரண்டு எழுதியவாறே நிகழ்ந்திருந்தன.

1868ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் காலையில் அவருடைய இடப்பக்கம் மரத்தாற்போன்ற உணர்ச்சி தோன்றியது. அதனைப் பொருட்படுத்தாது, இத்தாலிய அன்பர் ஒருவர் பட்டுப்புழு பற்றி எழுதியதைப் படிக்க விஞ்ஞானக் கழகத்திற்குச் சென்றார், படித்து மீண்டார், இரவில் பாரிசவாயு கண்டது. இடக்கையும் இடக்காலும் அசைவற்றன. வயதோ நாற்பத்தைந்து. அரசாங்கத்தார் அவர்க்கென எழுப்பத் தொடங்கியிருந்த ஆராய்ச்சிக்கூடத்தின் வேலை நின்றது. பிழையார் என்று எண்ணினர் போலும். படுக்கையிலிருந்தவாறே அதனை அறிந்து அவர் நொந்தார். செய்தி மூன்றாம் நெப்போலியன் செவிக்கெட்டியபின் வேலை மீண்டும் தொடங்கிற்று. நோய் கண்ட ஒரு வாரத்திலேயே ஓரிரவு, அருகிருந்த ழெர்னேயை அழைத்து, ஃப்ளாஷெரிக்கு இடமாகக்கூடிய முட்டைகளை இனங்காணும் வழியைப் பற்றி ஒரு குறிப்பை வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்தார். 1869ஆம் ஆண்டு ஜனவரியில், மருத்துவர் மறுத்தும், அவரைத் தூக்கிச்சென்று புகைவண்டியில் ஏற்றித் தெற்கே கொண்டுபோயினர். அவ்வாண்டுப் பருவத்தில் நாற்காலியில் அமர்ந்தபடியே பணியாளரை ஏவினார்.

லியோன் நகரத்துப் பட்டு வணிகர் சங்கத்தார் அவர் முறையில் ஐயங்கொண்டு, சோதித்த முட்டை சிறிது வேண்டினர். அவர் நான்கு தொகுதிகளை அனுப்பினார். ஒன்று நலமாய் விளையும். ஒன்று பெப்ரினால் மட்டும் அழியும். ஒன்று ஃப்ளாஷெரியால் மட்டும் அழியும். நான்காவது இரண்டாலும் அழியும் எனக் குறித்தனுப்பினார். அவ்வாறே நிகழ்ந்தது. நல்ல முட்டையை அளிப்பதினும் எந்நோயால் எது கெடும் என்று சொல்லுவதே அவர்கள் வாயை அடைக்கும் என்று அறிந்திருந்தார் போலும்!

அதன்பின் சேனாதிபதி வையான் என்பாருடைய முயற்சியால், அட்ரியாட்டிக் கடல் வடகரையில் டிரியெஸ்ட் நகரை அடுத்த வில்லா விசென்டினா என்னும் அரசகுலத்தார் பண்ணைக்கு அவர் சென்றார். பட்டால் பத்தாண்டாக ஆதாயம் காணாத அப்பண்ணை 1870ஆம் ஆண்டில் இலாபம் கண்டது. ஆங்கே, அசையாத இடக்கையுடன் அமர்ந்து, அவர் சொல்ல மனைவியார் எழுத, பட்டுப்புழு நோயைப் பற்றிய இரண்டு தொகுதிகள் உருவாகி அவ்வாண்டிலேயே வெளிவந்தன. பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டமையால் அந்நூலைப் படிப்போர் அப்பொழுது அதிகம் இலர்.

இவ்விடத்தில் கதையை நிறுத்தி, அவர் காணாது விட்டதொன்றைச் சொல்லவேண்டும். பட்டுப்புழுவுக்கு மூன்றாவதொரு நோயும் உண்டு. அது பற்றிய புழு வெளுத்துப் பருத்து, தோல் மெலிந்து, தட்டின் விளிம்பெல்லாம் ஓயாது திரியும். தோல் கிழியின் பால்போன்ற நீர் ஒழுகும். அந்நீரில் பல்கோணப் படிகங்கள் மிதத்தலை இத்தாலியர் 1856ஆம் ஆண்டிலேயே கண்டனர். அப்படிகங்களுக்குள் வைரஸ் என்னும் நச்சணு பொதிந்திருத்தல் 1947ஆம் ஆண்டில்தான் மின்னணு உருப்பெருக்கியாற் புலனாயிற்று. ஃப்ளாஷெரி எனப் பாஸ்டர் பெயரிட்டழைத்த தொகுதியினுள்ளும் வைரஸால் வருவன உண்டென்று பின்னர் ஜப்பானியர் காட்டினர்: வைரஸ் குடலின் உயிரணுக்களைத் தாக்கி வலிமை கெடுக்க, பாஸ்டர் கண்ட பாக்டீரியங்கள் அதன்பின் புகுந்து மண்டுகின்றன. அவர் உருப்பெருக்கிக்கு எட்டாத அப்பகைவனை, புழுவின் வலுக்குறைவு என்னும் சொல்லால் அவர் குறித்திருந்தார்.

அந்நச்சணு உயிரணுவினுள் யாது செய்கிறது என்பதையும் இப்பொழுது அறிவர். 1962ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் கிரேஸ் என்பார் ஓர் அந்துப்பூச்சியின் சூலகத்திலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் இடையறாது வளர்த்துக் காட்டினார். அதுமுதல் பூச்சியை விட்டு அதன் உயிரணுவிலேயே நோயை ஆராய வழி பிறந்தது. பால்நீர் நோயின் வைரஸ் உயிரணுவின் உட்கருவுக்குள் நுழைந்தவுடன், தன் ஜீன்களாகிய மரபுக்கூறுகளை ஓர் ஒழுங்கிலே ஒன்றன்பின் ஒன்றாகச் செயற்படுத்துகிறது. முதலிற் செயற்படுவன, வீட்டுக்காரனுடைய கருவிகளையே எடுத்தாண்டு வீட்டைக் கைப்பற்றுவன. பின்னர் வைரஸ் தனக்கெனக் கருவி செய்துகொண்டு, தன் மரபுப்பொருளைப் பெருக்குகிறது. கடைசியில், படிகத்திற்கு வேண்டும் புரதத்தை அளவிறந்து சமைத்து, உட்கரு நிரம்பி உயிரணு வெடிக்கும். இது வெளிப்படையான தாக்குதல்.

இதனினும் வியப்புடையது மறைந்துறையும் நிலை. சில பூச்சி உயிரணுக்கள் வைரஸை உள்ளே வைத்துக்கொண்டே வளர்கின்றன, பிரிகின்றன. பார்வைக்கு நலமாகவே உள்ளன. அமெரிக்கச் சோளக்கதிர்ப் புழுவின் உயிரணுக்களில் கண்டெடுத்த ஒரு வைரஸை 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் ஆராய்ந்தவர்கள், வெளிப்படையான தாக்குதலின்பொழுது அதன் ஜீன்கள் பலவும் செயற்பட, மறைந்துறையும் நிலையிலோ அவை யனைத்தும் அடங்கி, ஒரே ஒரு ஜீனின் செய்திப்படி மட்டும் உயிரணுவில் காணப்படுதலைக் கண்டனர். வீட்டார் உறங்க, மூலையில் ஒரு விளக்கு மட்டும் எரிவதுபோலாம் அது. வெப்பம், பட்டினி, நெருக்கம் முதலியவற்றாற் பூச்சி வலியிழந்தபொழுது மறைந்திருந்த வைரஸ் விழித்தெழுதல் பல பூச்சிகளில் அறியப்பட்டுள்ளது. பெப்ரின் மணி வைரஸன்று. நுண்வித்துக்களாற் பரவும் வேறோர் உயிர். எனினும் நலமாகத் தோன்றும் உடலில் நோய் அரவமின்றி வாழ்ந்து தாயிடமிருந்து முட்டைக்குச் செல்லும் என்ற செய்தியை அலேஸ் நகரத்துத் துணித்துண்டுகளில் ஐயமற நாட்டியவர் பாஸ்டரே.

பிற்காலச் செய்திகள் யாவரும் அறிந்தனவே. கோழிக் காலரா, 1881ஆம் ஆண்டில் பூயி லெ ஃபோர் என்னும் ஊரில் ஆடுகளுக்கு ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி, 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு இட்ட முதல் ஊசி, 1888ஆம் ஆண்டில் பாரிஸில் அவர் பெயரால் திறக்கப்பெற்ற நிலையம் என இவை ஒன்றையொன்று தொடர்ந்தன. வெறிநோயின் கிருமியை அவர் எவ்வளவோ தேடியும் கண்டாரல்லர். அதுவும் ஒரு வைரஸே. கண்ணாற் காணாத பகைவனை முயலின் தண்டுவடத்தில் வளர்த்து, உலர்த்தி, வலி குன்றச் செய்து ஊசியாக்கினார். இவ்வேலைகளை யெல்லாம் இடக்காலை இழுத்து நடந்துகொண்டும், இடக்கையால் ஒன்றும் செய்யமாட்டாமலுமே செய்தார். நுண்ணிய கைவேலைகளுக்கு உதவியாளரை நாட நேர்ந்தது அது முதற்கொண்டே.

செவென் நாட்டுப் பட்டுத்தொழில் பழைய உச்சத்தை மீண்டும் எட்டவில்லை. நோய் தணிந்ததாயினும், 1869ஆம் ஆண்டில் சூயஸ் கால்வாய் திறந்தபின் கீழ்நாட்டுப் பட்டு மலிவாக வந்து குவிந்தது. குடியானவரைக் கிருமியினின்று காத்தவரால் சந்தையினின்று காக்க இயலவில்லை. ஆனால் அவர் முறை கடல்கடந்து பரவியது. இந்நாளிலும் நம் நாட்டில் பட்டுமுட்டை ஆக்கும் நிலையங்களில், முட்டையிட்ட தாய்ப்பூச்சியை அரைத்து உருப்பெருக்கியில் நோக்கி, மணி யில்லையெனக் கண்டபின்னரே நோயற்ற முட்டைத் தொகுதி என்று குடியானவர்க்கு அளிக்கின்றனர்.

பாஸ்டர் 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், தம் எழுபத்திரண்டாம் வயதில், பாரிஸை அடுத்த வில்நெவ் லெத்தாங் என்னுமிடத்தில் உயிர் நீத்தார். அடுத்த ஆண்டில் அவருடலை அவர் நிலையத்தின் அடியிலேயே அமைத்த நிலவறையில் வைத்தனர். அதன் சுவர்களிலும் வளைவுகளிலும் வண்ணக்கற்கள் பதித்து அவர் வாழ்க்கைப் பணிகளைச் சித்திரித்துள்ளனர். திராட்சைக் கொடியும் ஆடுகளும் கோழிகளும் அங்கே உள. அவற்றிடையே முசுக்கட்டைக் கொம்புகளும் அந்துப்பூச்சிகளும் உள.